வேட்டைக்காரர் வரியில் வாழும் ஏரிகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நவம்பர் இறுதி என்பது, அறுவடை முடிந்த நெல்வயல்களில் நீர் தேங்கி நிற்கும் காலம். வடக்கே கனடாவின் ஏரிகள் உறையத் தொடங்கியதும், காட்டு வாத்துகள் லட்சக்கணக்கில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைப் பின்பற்றித் தெற்கே இறங்குகின்றன. அவற்றை எதிர்பார்த்து, துப்பாக்கியோடும் லாப்ரடார் நாயோடும் நண்பர் குழுக்கள் விடியலுக்கு முன்பே முழங்கால் நீரில் காத்திருக்கின்றன. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஸ்டட்கார்ட் என்னும் சிற்றூர், தன்னை 'உலகின் நெல், வாத்துத் தலைநகரம்' என்றே அழைத்துக்கொள்கிறது. ஊதுகுழலால் வாத்தைப் போலக் குரலெழுப்பும் போட்டி அங்கே 1936-இல் தொடங்கி இன்றுவரை நடைபெற்று வருகிறது.

உயிர்க்கொலையைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் இவ்வழக்கம் நம்மில் பலருக்கு உவப்பாக இராது. எனக்கும் உவப்பில்லை. எனினும், பொருளியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு புதிர் என்னை நெடுநாளாகத் தொடர்ந்து வருகிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை கணக்கிட்டது. புல்வெளிப் பறவைகளும் சிட்டுக் குருவி வகைகளும், அதாவது எவரும் சுட நினைக்காத பறவைகளே, பெருமளவில் குறைந்திருந்தன. மாறாக, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சுடப்படும் வாத்தினம் அதே காலத்தில் 50 விழுக்காட்டுக்கும் மேல் பெருகியிருந்தது. சுடப்படும் பறவை பெருகுவதும், சுடப்படாத பறவை அருகுவதும் எவ்வாறு நிகழ்ந்தன? இப்புதிருக்கான விடை, ஈரநிலங்களைக் காக்க வழிதேடும் நமக்கும் பயன்படக்கூடியது.

சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பறவை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வாத்து வேட்டை ஒரு முழுநேரத் தொழில். படகில் பொருத்தப்பட்ட, ஒரே வெடியில் பல பத்துப் பறவைகளை வீழ்த்தும் பெருந்துப்பாக்கிகள் பயன்பட்டன. இருப்புப்பாதையும் பனிக்கட்டிப் பெட்டிகளும் வந்த பின்னர், சதுப்புநிலத்தில் விழுந்த வாத்து சில நாள்களில் நியூயார்க் உணவகத் தட்டை எட்டியது. பறவைக்கு விலை உண்டு, உரிமையாளர் இல்லை. இன்று நான் சுடாவிட்டால் நாளை மற்றவர் சுடுவார் என்ற நிலையில், விட்டுவைப்பவரே இழப்பாளர். பொதுவளத்தின் அவலம் என்று 1968-இல் காரெட் ஹார்டின் விவரித்த நிலை இதுவே. லாப்ரடார் வாத்து 1870-களில் மறைந்தது. வானை மறைக்கும் அளவுக்குத் திரண்டு பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914-இல் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது.

அந்த அதிர்ச்சியின் விளைவே 1916-இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் செய்துகொண்ட வலசைப் பறவைகள் உடன்படிக்கையும், அதைச் செயல்படுத்த வந்த 1918-ஆம் ஆண்டுச் சட்டமும். மாநில எல்லைக்குள் பறக்கும் பறவை மாநிலத்தின் சொத்து என்று மிசூரி மாநிலம் தொடுத்த வழக்கை 1920-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. இன்று ஒரு மாநிலத்தில் இருந்து நாளை இன்னொரு மாநிலத்துக்குச் செல்லும் பறவையை எந்த ஒரு மாநிலமும் தனியுடைமை என்று கோர முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இச்சட்டத்தின் கூரிய பகுதி, வேட்டையாடிய காட்டு வாத்தை விற்கக் கூடாது என்பதாகும். இதனால் வேட்டை முற்றிலும் நிற்கவில்லை; வேட்டைக்கும் விலைக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. தன் குடும்பம் உண்ணும் அளவுக்கு மேல் சுடுவதில் எவருக்கும் ஆதாயம் இல்லாமற்போயிற்று. தொழிலாக இருந்தது நண்பர்களின் பருவகால வழக்கமாகச் சுருங்கியது.

ஒரு டாலர் வில்லை: விற்பனைத் தடை பறவையைக் காத்தது, அதன் வீட்டைக் காக்கவில்லை. உழவுக்காகச் சதுப்புநிலங்கள் வடிக்கப்பட்டன. 1930-களின் பெருவறட்சியில் எஞ்சிய குட்டைகளும் காய்ந்தன. அந்நெருக்கடியில் 1934-இல் பிறந்ததே 'டக் ஸ்டாம்ப்' எனப்படும் வாத்து வில்லை. 16 வயது நிரம்பிய எவரும் வாத்து சுட வேண்டுமெனில் மாநில உரிமத்தோடு இந்த வில்லையையும் வாங்கியாக வேண்டும். முதல் வில்லையின் விலை ஒரு டாலர். அதன் ஓவியத்தை வரைந்தவர் 'டிங்' டார்லிங் என்னும் நாளிதழ்க் கேலிச்சித்திரக்காரர். அரசின் உயிரியல் ஆய்வுத் துறைக்கு அப்போது தலைவராக இருந்தவரும் அவரே.

வில்லையில் கிடைக்கும் ஒவ்வொரு டாலரிலும் 98 காசுகள், ஈரநிலங்களை விலைக்கு வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ மட்டுமே செலவிடப்படுகின்றன. இதுவரை 110 கோடி டாலருக்கும் மேல் திரண்டு, ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் வாழிடம் காக்கப்பட்டுள்ளது. அந்நிலங்களில் வாத்து மட்டுமா வாழ்கிறது? கொக்கு, நாரை, உள்ளான், தவளை, மீன் அனைத்தும் வாழ்கின்றன. வெள்ளநீர் தேங்குகிறது, நிலத்தடி நீர் ஊறுகிறது. வேட்டைக்காரர் செலுத்தும் கட்டணத்தின் பயன், வேட்டையையே வெறுப்பவருக்கும் சென்று சேர்கிறது.

இரண்டாவது தூண், 1937-இல் நிறைவேறிய பிட்மன் - ராபர்ட்சன் சட்டம். நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிகளுக்கு 10 விழுக்காடு என விதிக்கப்படும் உற்பத்தி வரி, காட்டுயிர்ப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. ஒரு நிபந்தனையும் உண்டு: வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இந்த நிதி கிடையாது. நிதிநிலை அறிக்கைகளைப் பல்லாண்டு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரி விதிப்பது எளிது, விதித்த வரி தன் நோக்கத்தை விட்டு விலகாமல் காப்பதே அரிது. இச்சட்டத்தின் வெற்றி அதன் விகிதத்தில் இல்லை. அந்த நிபந்தனையில் இருக்கிறது.

எண்ணிக்கையே ஆணை: மூன்றாவது தூண் கணக்கெடுப்பு. 1955 முதல் வசந்த காலத்தில் சிறு விமானங்கள் வடக்கின் இனப்பெருக்கப் பகுதிகள் மீது தாழப் பறந்து வாத்துகளையும் நீர்க்குட்டைகளையும் எண்ணுகின்றன. 2024-இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 3.4 கோடி வாத்துகள். வேட்டைக்காரர்களும் இக்கணக்கில் பங்காளிகள். சுடப்பட்ட பறவையின் காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணைத் தெரிவிக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர், பறவையின் ஒரு சிறகை அஞ்சலில் அனுப்புகிறார்கள். அச்சிறகைக் கொண்டு வயதையும் பாலினத்தையும் வல்லுநர்கள் அறிந்து, அவ்வாண்டு குஞ்சுகள் எத்தனை பிழைத்தன என்று மதிப்பிடுகிறார்கள்.

இத்தரவு அலமாரியில் உறங்குவதில்லை என்பதே முதன்மையானது. 1995 முதல், தாராளம், மிதம், கடும் கட்டுப்பாடு, முழுத் தடை என்ற நான்கு நிலைகளுள் எது அடுத்த பருவத்துக்குரியது என்பதைக் கணக்கெடுப்பும் கணித மாதிரிகளுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. தாராள நிலையிலும் மிசிசிப்பி வலசைப் பாதையில் பருவம் 60 நாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்துகள். அவற்றுள் மல்லார்ட் இனம் நான்குக்கு மேல் கூடாது. அந்த நான்கிலும் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் நிரப்பக் கூடாது. தானியம் தூவி ஈர்க்கக் கூடாது. ஈயக் குண்டுகள் 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டையில் தடைசெய்யப்பட்டுள்ளன. சேற்றில் கிடக்கும் ஈயச் சிறுகுண்டுகளைக் கூழாங்கல் என எண்ணி விழுங்கி, சுடப்படாத வாத்துகளும் நஞ்சேறி மடிந்ததே அதற்குக் காரணம்.

நெல்வயலில் கண்டது: சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆய்வுப்பட்டம் பெற்று மெம்பிஸ் நகரில் பணியாற்றும் மாணவர் ஒருவர், தம் நண்பர்களோடு கிழக்கு ஆர்கன்சாஸின் ஒரு நெல்வயலுக்கு என்னை அழைத்துச் சென்றார். நான் துப்பாக்கியைத் தொடவில்லை. வயல் வரப்பில் நாணலால் மூடப்பட்ட மறைவிடத்தில் அவர்களோடு அமர்ந்திருந்தேன். குழுவில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் டிராக்டர் பழுதுபார்ப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். நீரில் மிதந்த பொம்மை வாத்துகளை ஏமாந்து நெருங்கிய கூட்டத்திலிருந்து அவர்கள் வீழ்த்தியவை, மூவருக்குமாகச் சேர்த்து ஏழு. அனுமதி பதினெட்டு. இன்னும் கூட்டங்கள் வந்துகொண்டிருந்தபோதே, போதும் என்று துப்பாக்கிகளை உறையிலிட்டுவிட்டு, குடுவைத் தேநீரோடு ஒரு மணி நேரம் வானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் எந்த இனம் என்பதைச் சிறகடிக்கும் ஓசையிலேயே சொன்னார் அந்த அஞ்சல் ஊழியர்.

என் ஆர்வம் வயலின் உரிமையாளரிடம் இருந்தது. அமெரிக்க நெல் விளைச்சலில் ஏறத்தாழ பாதி ஆர்கன்சாஸ் மாநிலத்தினுடையது. அறுவடைக்குப் பின் அங்குள்ள உழவர்கள் வடிகால் மதகை அடைத்து மழைநீரை வயலில் நிறுத்துகிறார்கள். சிந்திய நெல்லையும் களைவிதைகளையும் வாத்துகள் உண்கின்றன. வைக்கோல் மிதிபட்டு மட்குகிறது. வேட்டைக் குழுக்கள் பருவக் குத்தகை தருகின்றன. நம் காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கிடை போடுவதை அறிந்தவர்க்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். உழவருக்கு நீரைத் தேக்கிவைப்பதில் வருமானம் உண்டு; ஆகவே நீர் தேங்குகிறது. அறிவுரையால் நிகழாதது ஆதாயத்தால் நிகழ்கிறது.

அடித்தளத்தில் விரிசல்: இவ்வமைப்பைக் குறையற்றது என்று கொண்டாடுவது நேர்மையன்று. இன்று அதன் தூண்கள் அனைத்திலும் விரிசல் தெரிகிறது.

முதலாவது, வில்லையின் விலை. 1991-இல் 15 டாலராக உயர்த்தப்பட்ட விலை 2014 வரை மாறவே இல்லை. அந்த 24 ஆண்டுகளில் பணவீக்கம் அதன் வாங்கும் திறனில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தின்றுவிட்டது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே சென்றது. 2015-இல் 25 டாலராக்கப்பட்டது. அதுவும் இன்று தேய்ந்துவருகிறது. 1934-இன் ஒரு டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 24 டாலர். அதாவது, 90 ஆண்டுகளில் உண்மை விலை உயரவே இல்லை.

இரண்டாவது, செலுத்துவோரின் எண்ணிக்கை. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் விற்ற வில்லைகள் இப்போது 15 லட்சம் அளவிலேயே விற்கின்றன. நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தந்தையோடும் நண்பரோடும் வேட்டைக்குச் செல்லும் வழக்கமில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் எல்லா வகை வேட்டைக்காரர்களும் சேர்ந்து 1.15 கோடிப் பேர். பறவைகளைப் பார்த்து மகிழ்வோர் 4.5 கோடிப் பேர். ஆனால், பார்ப்பவரின் தொலைநோக்கிக்கு அத்தகைய வரி இல்லை. 1990-களில் தொலைநோக்கி, கூடாரம், முதுகுப்பை ஆகியவற்றுக்கும் சிறுவரி விதிக்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பயன் அனைவருக்கும், பாரம் சிலருக்கு என்ற நிலை நெடுங்காலம் நிலைக்காது.

மூன்றாவது, துப்பாக்கி வரியின் இயல்பு மாறிவிட்டது. இன்று விற்கும் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை தற்காப்புக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்குமே வாங்கப்படுகின்றன. வன்முறை அச்சம் பெருகும் ஆண்டில் காட்டுயிர் நிதி பெருகுகிறது என்பது வேதனையான முரண். அந்த வரியையே நீக்கக் கோரும் மசோதா ஒன்றும் 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

நான்காவதே மிகக் கடுமையானது. வட அமெரிக்க வாத்துகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, டகோட்டா மாநிலங்கள் முதல் கனடா வரை பரவியுள்ள புல்வெளிக் குட்டைகளில் பிறக்கின்றன. பனியாறுகள் விட்டுச்சென்ற அக்குட்டைகள் எந்த ஆற்றோடும் இணையாதவை. வலசைப் பறவைகள் பயன்படுத்துகின்றன என்பதற்காகத் தனித்த குட்டைகளைத் தூயநீர்ச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவர இயலாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 மே மாதம், சாக்கெட் வழக்கில், ஆறு ஏரிகளோடு தொடர்ச்சியான மேற்பரப்புத் தொடர்பு கொண்ட ஈரநிலங்களுக்கே கூட்டாட்சிப் பாதுகாப்பு உண்டு என்று அது மேலும் சுருக்கியது. ஒருபுறம் வில்லைப் பணத்தில் ஏக்கர் ஏக்கராக வாங்கிக் காக்கும் அரசு, மறுபுறம் அதைவிட விரைவாக வடிக்கப்படுவதைத் தடுக்கும் கருவியை இழந்துவருகிறது. விலைக்கு வாங்கியே ஒரு நிலப்பரப்பு முழுவதையும் காத்துவிட எந்தக் கருவூலத்தாலும் இயலாது.

இவற்றோடு, கணக்குக்கு அடங்காத இயற்கையும் உண்டு. வயல்களில் சிந்தும் தானியத்தால் பனி வாத்துகள் அளவுமீறிப் பெருகி, ஹட்சன் விரிகுடாக் கரையின் துருவப் புல்வெளிகளை வேரோடு மேய்ந்து பாழாக்கின. 1999-இல் அவற்றுக்கான வேட்டை வரம்புகள் தளர்த்தப்பட்டும், வேட்டையால் அப்பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. குளிர் மிதமான ஆண்டுகளில் வாத்துகள் வடக்கிலேயே தங்கிவிடுகின்றன என்பது ஆர்கன்சாஸ் வேட்டைக்காரர்களின் இன்றைய முறையீடு. வாத்து வராத வயலுக்குக் குத்தகை இல்லை. குத்தகை இல்லாத வயலில் நீர் தேக்கப்படுவது எத்தனை ஆண்டு தொடரும்?

நமக்கான கேள்வி: இந்தியாவில் வேட்டையின் வரலாறு வேறு. இன்று உலகப் புகழ்பெற்ற பரத்பூர் பறவைகள் சரணாலயம், மன்னர்களின் வாத்து வேட்டைக்களமாக இருந்தது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வருகையின்போது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டை உரிமங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அத்தடை தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மக்கள் அடர்த்தி மிகுந்த நம் நாட்டில், நாள் வரம்பையும் இன வரம்பையும் கண்காணிக்கும் வலிமை நம் வனத் துறைகளிடம் இல்லை. கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த மரபுக்கு அது ஏற்றதும் அன்று.

ஆனால், தடை என்ற ஒன்றோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் கருதிவிட்டோம். அமெரிக்கா பறவையைச் சுட இடமளித்து, அதன் ஏரியை விலைகொடுத்து வாங்கியது. நாம் பறவையைச் சுடத் தடைவிதித்து, அதன் ஏரியை விலைபேச விட்டுவிட்டோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதியை விழுங்கியவை துப்பாக்கிகள் அல்ல. குப்பைமேடும் கட்டடங்களும் சாலைகளுமே. தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சர் ஈரநிலங்கள் உள்ளன. இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இது பெருமைக்குரியது. அப்பெருமையைக் காக்க, ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்த்துக் காத்திராத நிலையான வருவாய் வேண்டும்.

வேட்டையின்றியே அப்பாடங்களைப் பெற முடியும். ஈரநிலங்களுக்கென்று வேறு செலவுக்குத் திருப்ப முடியாத தனி நிதியம் ஒன்றைச் சட்டத்தின்வழி உருவாக்கலாம். சரணாலயங்களின் நுழைவுக் கட்டணமும், ஏரியை ஒட்டிய மனைப்பிரிவுகளின் அனுமதிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதில் சேரலாம். ஏரியின் காட்சியையும் நிலத்தடி நீரையும் காட்டி மனையின் விலையை உயர்த்துபவர், அந்த ஏரிக்கும் ஒரு பங்கைத் தருவது நியாயமே. கட்டணம் விலைவாசியோடு தானாக உயரும்படி சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். வாத்து வில்லையின் 24 ஆண்டுத் தேக்கம் நமக்கு எச்சரிக்கை.

அடுத்தது, எண்ணிக்கைக்கு அதிகாரம் தருவது. வனத் துறையும் தன்னார்வலர்களும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். அதன் முடிவு செய்திக்குறிப்போடு நின்றுவிடுகிறது. ஓர் ஏரியில் பறவைகள் தொடர்ந்து குறைந்தால், அவ்வேரியின் மதகுத் திறப்பு, மீன்பிடிக் குத்தகைக் காலம், தூர்வாரும் பருவம் ஆகியவை தாமாகவே மறுஆய்வுக்கு வரவேண்டும் என்று விதி வகுத்தால், எண்ணுவது ஆளுவதாக மாறும்.

மூன்றாவது, ஊராருக்கு ஆதாயம். இதை நாம் அமெரிக்காவிடம் கற்க வேண்டியதில்லை. வேடந்தாங்கல் மக்கள், பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அமெரிக்கச் சட்டத்துக்கு 120 ஆண்டுகள் முன்பே, பறவையையும் நீரையும் விளைச்சலையும் ஒரே கணக்கில் எழுதிய ஊர் அது. கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியைத் துறக்கும் மக்களும் அந்த மரபினரே. அவர்கள் துறப்பதற்கு ஈடாக அரசு தருவது பாராட்டு மட்டுமே. நுழைவுக் கட்டணத்தில் ஊராட்சிக்கு உரிமையான பங்கும், ஏரிப் பாசனத்துக்கு முன்னுரிமையும் தரப்படுமானால், அந்த மரபு அடுத்த தலைமுறைக்கும் செல்லும்.

வேட்டைக்காரர் குறையக் குறைய, ஈரநிலத்துக்கு யார் பணம் தருவது என்று அமெரிக்கா இன்று தவிக்கிறது. வேட்டைக்காரரே இல்லாத நாம் அக்கேள்வியை இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துகள் கூந்தன்குளத்தில் இறங்கும்போது, அவற்றைக் காணச் செல்லும் ஒவ்வொருவரும் அந்தக் குளத்துக்குத் தம் பங்காக என்ன தருகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். வரும் நிதிநிலை அறிக்கையில் அதற்கென ஒரு தலைப்பைத் திறப்பது அரசின் பொறுப்பு. திறக்கும்படி கேட்பது நம் பொறுப்பு.